எண் 32: ஒரு தொலைநோக்கி கடந்து வந்த வழி

லண்டனின் ஹாரோ சாலையில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் பட்டறை 1898இல் எழுந்தது. ஆங்கிலப் பிரபு கேட்டாலும் இந்திய மகாராஜா கேட்டாலும், அவருடைய கைநீளம், கழுத்து, தோள், கன்னம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, அவருக்கென்றே ஒரு வேட்டைத் துப்பாக்கியைச் செய்துகொடுக்கிற இடம் அது. 1942இன் பிற்பகுதியில் அங்கே இரண்டு விதமான பெட்டிகள் வந்து இறங்கத் தொடங்கின. ஒரு விதத்தில் பர்மிங்ஹாமை ஒட்டிய ஷெர்லியின் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையிலிருந்து வந்த லீ-என்ஃபீல்ட் 4ஆம் எண் ரைஃபிள்கள். இன்னொரு விதத்தில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளமும் ஓர் அங்குலக் கனமும் கொண்ட தொலைநோக்கிகள். ராணுவப் பதிவேட்டில் அவற்றின் பெயர் ‘டெலஸ்கோப், எண் 32’. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ரைஃபிளின் மேல் ஸ்கோப் பொருத்துவது நாலு ஸ்க்ரூவை முறுக்கினால் முடிகிற காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல ரைஃபிள் இருக்கிறது, நல்ல ஸ்கோப் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் நன்றாகத்தானே சுடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு என்பதைக் காட்ட எண் 32ஐ விடப் பொருத்தமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1930களில் வரையப்பட்டு 1990களின் தொடக்கம்வரை ஏதோ ஒரு வடிவத்தில் பணியில் இருந்த பொருள் அது. அத்தனை ஆண்டுகளிலும் அதன் துல்லியம் கண்ணாடியில் மட்டும் இருக்கவில்லை. குழலும் கண்ணாடியும் சந்திக்கிற இடத்தில், இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்கிற சில சதுர அங்குலத்தில் இருந்தது.

அது பிறந்ததே ரைஃபிளுக்காக அல்ல. பிரிட்டிஷ் ராணுவம் 1930களில் பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டபோது, அதன் மேல் வைக்க ஒரு தொலைநோக்கி வேண்டும் என்று எண்ணினார்கள். ஆரம்பகால பிரென்களின் இடப்பக்கத்தில் அதைச் செருகுவதற்கான பள்ளமும் வெட்டப்பட்டிருந்தது. பிறகு அந்த யோசனை கைவிடப்பட்டது, பள்ளமும் வெட்டுவது நின்றது. ஆனால் இயந்திரத் துப்பாக்கியின் ஓயாத அதிர்வைத் தாங்கும்படி எண்ணிச் செய்த வரைபடம் கையில் இருந்தது. போர் தீவிரமாகி, குறிபார்த்துச் சுடுபவர்களுக்குத் தொலைநோக்கி அவசரமாகத் தேவைப்பட்டபோது அந்த வரைபடத்தை எடுத்தார்கள். அதனால்தான் எண் 32 அதன் மூன்று மடங்கு உருப்பெருக்கத்துக்குப் பொருந்தாத கனத்தோடு இருக்கிறது. துப்பாக்கியில் அதைப் பிடித்து நிறுத்தும் தாங்கியோடு சேர்த்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. இன்றைய ஸ்கோப்களைப் பார்த்தவர்களுக்கு மூன்று மடங்கு குறைவாகத் தோன்றலாம். ஆனால் பார்வைப் பரப்பு 9 பாகை. அசைகிற ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குப் பெருக்கத்தைவிட அகலம்தான் உதவும்.

அதைச் செய்த கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்தால் ஒரு நாடு போருக்குள் எப்படி நகர்ந்தது என்று தெரியும். லீட்ஸ் நகரின் கெர்ஷா நிறுவனம் அதுவரை கேலீ என்ற பெயரில் சினிமா புரொஜெக்டர் செய்துகொண்டிருந்தது. லெஸ்டரின் டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் செய்த குக் லென்ஸ்கள் வழியாகத்தான் ஹாலிவுட் பல படங்களை எடுத்தது. வாட்சன் நிறுவனம் மைக்ராஸ்கோப்புக்குப் பேர்போனது. ஹௌட்டன்-புட்சர் கேமரா செய்தவர்கள். கனடாவில் டொரன்டோவை அடுத்த லீசைடில் ரிசர்ச் என்டர்பிரைசஸ் என்ற அரசு நிறுவனமும் இதைச் செய்தது. படம் காட்டவும், படம் எடுக்கவும், நுண்ணுயிரைப் பார்க்கவும் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்த கைகள் மனிதனைக் குறிவைக்கும் கண்ணாடியைத் தேய்க்கத் திரும்பின. இந்தப் பொருளைப் பற்றி எழுதும்போது அதை மறந்துவிடக் கூடாது. இது கொல்வதற்காகச் செய்யப்பட்டது. அந்த வேலையில் இருந்த கவனத்தை மதிக்கிறேன். அது எதற்குப் பயன்பட்டது என்ற துயரமும் கூடவே இருக்கிறது.

லீட்ஸ் என்றதும் இன்னொரு பெயரைச் சொல்லியாக வேண்டும். கெர்ஷா தொழிற்சாலை வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பு, 1630களின் கடைசியில், லீட்ஸை அடுத்த மிடில்டனில் வில்லியம் காஸ்கோயின் என்ற இளைஞர் இருந்தார். வானத்தைப் பார்ப்பதே அவருடைய தொழில் போல. அவருடைய தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் கட்டியது. கண்ணாடி உள்ளே பிம்பத்தை உருவாக்குகிற அதே தளத்தில் அந்த நூல் குறுக்கே கிடந்ததால், தொலைவில் உள்ள பொருளும் நூலும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிந்தன. தொலைநோக்கியால் பார்க்க மட்டுமல்ல, குறிவைக்கவும் முடியும் என்று அந்தக் கணத்தில் அவருக்குப் புரிந்தது. கோணம் அளக்கும் கருவியில் அதைப் பொருத்தினார். பிம்பத்தின் அகலத்தை நுண்ணிய திருகால் அளக்கும் மைக்ரோமீட்டரையும் செய்தார். 1644இல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் மன்னர் தரப்பில் நின்று மாண்டபோது அவருக்கு முப்பது வயது சற்றே கடந்திருந்தது. எண் 32க்குள் இருக்கிற இரண்டு முக்கியமான உறுப்புகளும், அதாவது பிம்பத் தளத்தில் நிற்கும் குறியும் அதை நகர்த்தும் நுண்திருகும், அவருடையவை.

காஸ்கோயினின் கண்டுபிடிப்பு துப்பாக்கிக்கு வர ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் அது நிலம் அளக்கும் கருவியாக உலகம் சுற்றிவிட்டது. 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற அளவையாளர் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையும் இந்த வழியில் வந்ததுதான். குறுக்கிழை கொண்ட தொலைநோக்கி அதன் கண். கோணம் அளக்கும் அவருடைய பெரிய தியோடலைட்டை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு தவறி, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. லாம்டன் தாமே உட்கார்ந்து அதை நிமிர்த்தினார். ஒரு நல்ல தொலைநோக்கி அதைத் தாங்குகிற உலோகம் கோணினால் ஒன்றுக்கும் உதவாது என்பதைத் தமிழ் மண்ணிலேயே ஒருவர் அன்று அனுபவித்திருக்கிறார்.

துப்பாக்கிப் பக்கம் முதலில் தெளிவாக எழுதியவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் சாப்மன். 1840களில் வந்த அவருடைய புத்தகத்தில், யூட்டிகா நகரின் மோர்கன் ஜேம்ஸ் செய்த தொலைநோக்கிக் குறி விவரிக்கப்பட்டிருக்கிறது. 1855 முதல் சிரக்யூஸில் வில்லியம் மால்கம் அதை மேம்படுத்தினார். அவை பெரும்பாலும் குழலின் நீளத்துக்கே நீண்ட மெல்லிய குழாய்கள். திருத்தம் எல்லாம் வெளியே, தாங்கியில் செய்வார்கள். குழாயையே மேலும் கீழும் நகர்த்துவார்கள். பம்பாய்ப் படையில் இருந்த டேவிட்சன் என்ற அதிகாரி, குட்டையான குழாயைத் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் மாட்டும் முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் விட்வொர்த் ரைஃபிள்களில் அது ஏறியது.

முதல் உலகப் போரில்தான் பொருத்தும் வேலையின் அருமை எல்லோருக்கும் உறைத்தது. ஜெர்மானியர்கள் 1914 முதலே தொலைநோக்கி ரைஃபிள்களோடு இருந்தார்கள். வேட்டைப் பழக்கமும் கண்ணாடித் தொழிலும் அவர்களுக்கு நாட்டிலேயே இருந்தன. பிரிட்டன் அவசர அவசரமாகத் தொலைநோக்கிகளை வாங்கி அனுப்பியது. வேட்டைக்காரரும் எழுத்தாளரும் கிரிக்கெட் வீரருமான ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் ஒவ்வொரு படைப்பிரிவாகப் போய் அவற்றைச் சோதித்தார். பெரும்பாலானவை குறியிலிருந்து விலகியே சுட்டன. சில இடங்களில் தாங்கி தளர்ந்திருந்தது. சில இடங்களில் தொலைநோக்கியை யார் யாரோ கழற்றி மாட்டியிருந்தார்கள். ஒரு ரைஃபிளோடு வந்த கண்ணாடி வேறு ரைஃபிளில் இருந்தது. திருத்தும் வித்தை யாருக்கும் சொல்லித்தரப்படவில்லை. 1916இல் பிரான்சின் லிங்கெமில் அவர் தொடங்கிய பள்ளியில், சுடக் கற்றுக்கொடுப்பதற்கு இணையாகக் கருவியைப் பராமரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 1920இல் அவர் வெளியிட்ட நூலைப் படித்தால், எதிரியைவிடத் தளர்ந்த ஸ்க்ரூக்களே அவருக்கு அதிகக் கோபம் மூட்டியிருக்கின்றன என்று தோன்றும்.

அந்தப் போரில் பிரிட்டிஷார் செய்த இன்னொரு தவறு, பல ரைஃபிள்களில் தொலைநோக்கியைக் குழலுக்கு நேர் மேலே வைக்காமல் இடப்பக்கம் தள்ளி வைத்தது. மேலிருந்து தோட்டாக்களைக் கிளிப்போடு செருக வழி வேண்டும் என்பது காரணம். ஆனால் பதுங்குகுழியின் இரும்புத் தகட்டில் உள்ள சிறிய ஓட்டை வழியாகச் சுடும்போது, குழல் ஓட்டைக்குள் இருந்தால் தொலைநோக்கி தகட்டைப் பார்த்தது. அது மட்டுமா, பக்கவாட்டில் விலகி நிற்கும் பார்வைக்கோடும் குழலின் கோடும் ஏதாவது ஒரு தொலைவில்தான் சந்திக்கும். அந்தத் தொலைவைத் தாண்டினால் தோட்டா மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். 1942இல் ஹாரோ சாலைப் பட்டறைக்கு வந்த வரைபடத்தில் இந்தப் பாடம் ஏறியிருந்தது. தாங்கி ரைஃபிளின் இடப்பக்கம் பிடித்தாலும், அதன் கைகள் வளைந்து தொலைநோக்கியைக் குழலுக்கு நேர் மேலே கொண்டுவந்தன. கிளிப்பால் நிரப்ப முடியாது, ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள். சரியான முடிவு என்பது என் எண்ணம்.

இனி வேலையைப் பார்ப்போம். எல்லா ரைஃபிளும் இதற்கு ஆகாது. பி.எஸ்.ஏ.வில் சோதனைச் சுடுதலில் தோட்டாக்கள் நெருக்கமாக விழுந்தவற்றை மட்டும் ஒதுக்கி, ‘டி.ஆர்.’ என்று முத்திரை குத்தினார்கள். ஹாரோ சாலைக்கு வந்ததும் அதன் பின்குறியில் கிட்டத்துச் சண்டைக்காக இருந்த துளைக் குறியை அராவி எடுத்தார்கள், அது தொலைநோக்கிக்கு இடைஞ்சல் என்பதால். தொலைநோக்கி இரும்புக் குறியைவிட உயரத்தில் இருப்பதால் சுடுபவரின் தலையும் உயர வேண்டும். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் படாமல் கண் அந்தரத்தில் நின்றால் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்திலிருந்து பார்க்கும். அதற்காகக் கட்டையின் மேல் மரத்தாலான கன்னத்தாங்கி ஒன்றை ஸ்க்ரூவால் பிடித்தார்கள். மகாராஜாவின் கன்னத்தை அளந்து கட்டை செதுக்கிய பட்டறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உயிரான வேலை இரண்டு சிறிய இரும்புத் தட்டுகளில் இருந்தது. ரைஃபிளின் உடற்பகுதியின் இடப்பக்கத்தில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. ஸ்க்ரூ போட்டு, ஈயப்பற்றும் வைத்து, உடலோடு உடலாக்குவார்கள். தாங்கி இந்த இரண்டு தட்டுகளின் மேல்தான் உட்காரும். விரலால் முறுக்கக்கூடிய இரண்டு பெரிய திருகுகள் அதைப் பிடிக்கும். எனவே தட்டுகளின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையைத்தான் தொலைநோக்கி பார்க்கும்.

இதில் எவ்வளவு பிழை தாங்கும்? கணக்கு எளிது, ஆனால் முதன்முறை போட்டுப் பார்ப்பவர்களுக்கு நெஞ்சு திக்கென்கும். முன்தட்டுக்கும் பின்தட்டுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு மட்டும் 0.1 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது, ஒரு எழுதுதாளின் கனம். ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. 100 மீட்டரில் குறி 10 சென்டிமீட்டர் தப்பும். 400 மீட்டரில் 40 சென்டிமீட்டர், அதாவது நெஞ்சைக் குறிவைத்தவனுக்குத் தோளுக்கு வெளியே போகும். ஃபிட்டர் அரத்தால் ஒரு இழுப்பு கூட இழுத்தாலே இந்த அளவு வந்துவிடும்.

தொலைநோக்கியிலேயே திருத்தத் திருகுகள் இருக்கின்றனவே, தட்டில் வந்த பிழையை அங்கே சரிசெய்துகொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். இன்றைய ஸ்கோப்பில் ஓரளவு செய்யலாம். எண் 32இன் காலத்தில் அதற்கு விலை உண்டு. அதன் காட்சிக்குள் கீழிருந்து எழும் ஒரு கூரிய உலோக முள்ளும் ஒரு கிடைக்கம்பியும் தெரியும். மேல் திருகையோ பக்கத் திருகையோ சுழற்றினால் அந்த முள்ளே காட்சிக்குள் இடம் மாறும். தட்டு கோணலாக இருந்து அதைத் திருகால் ஈடுகட்டினால், முள் நடுவில் நிற்காமல் ஓரத்தில் போய் ஒண்டிக்கொள்ளும். கண்ணாடியின் தெளிவு நடுவில்தான் அதிகம். மேலும், 1000 கஜம்வரை உயர்த்துவதற்குத் தேவையான திருகின் பயணத்தைப் பிழையே தின்றுவிடும். பிற்காலத்தில் பிம்பத்தை நிமிர்த்தும் உள்குழாயையே நகர்த்தி, குறுக்கிழை எப்போதும் நடுவிலேயே இருப்பதுபோல் காட்டும் ஸ்கோப்கள் வந்தன. கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் பொருத்தியவரின் பிழையை அது மறைக்கிறது, நீக்கவில்லை. இன்று பலர் தாங்கியைக் கவனிக்காமல் விடுவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குழல் எங்கே பார்க்கிறது என்று சுடாமலே அறிய ஒரு பழைய வழி இருக்கிறது. ரைஃபிளை அசையாத பிடியில் வைத்து, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து குழலுக்குள்ளேயே பார்ப்பது. குழலின் வட்டத்துக்கு நடுவே தொலைவில் உள்ள ஓர் அடையாளத்தைக் கொண்டுவந்து, ரைஃபிளைத் தொடாமல், தொலைநோக்கி வழியே அதே அடையாளத்தைத் தேட வேண்டும். முள்முனை அதன் மேல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இன்றும் போல்ட் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பலர் மைதானத்தில் முதலில் இதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது சாய்வு. தொலைநோக்கியின் செங்குத்துக் கோடு ரைஃபிள் நிமிர்ந்து நிற்கும்போது உண்மையிலேயே செங்குத்தாக இருக்க வேண்டும். ரைஃபிளை ரசமட்டம் வைத்து நிமிர்த்தி, எதிரே தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அந்த நூலோடு கோட்டைப் பொருத்திவிட்டுத்தான் தாங்கியின் வளையங்களை இறுக்க வேண்டும். கொத்தனாரும் தச்சரும் அறிந்த இதே இரண்டு கருவிகள் இன்றும் இதற்குக் கைகொடுக்கின்றன. கிட்டத்தில் சாய்வு தெரியாது. 500 மீட்டரில் லீ-என்ஃபீல்டின் தோட்டா குழலின் கோட்டிலிருந்து சுமார் 3 மீட்டர் கீழே விழுகிறது. தொலைநோக்கி அதை ஈடுகட்ட உயர்த்துகிறது. அந்த உயர்வு 3 பாகை சாய்ந்திருந்தால் தோட்டா பக்கவாட்டில் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் விலகும். சுட்டவர் காற்றைக் குறைசொல்வார்.

இன்னொரு நுட்பம், குறியும் பிம்பமும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் ரைஃபிள் அசையாமல் இருக்கும்போதே, கண் சற்று நகர்ந்தால் முள் இலக்கின் மேல் ஊர்வதுபோல் தெரியும். காஸ்கோயினின் சிலந்தி சரியான தளத்தில் நூல் கட்டியதால்தான் அவர் அதைக் கண்டார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் சுடுதல். சில தோட்டாக்களைச் சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைப் பார்த்து, திருகைத் திருப்பி, மறுபடி சுட்டு, குறியும் கூட்டமும் ஒன்றாகும்வரை திருத்துவது. சுடுபவர்கள் மொழியில் ஜீரோ செய்வது. ஆரம்பகால எண் 32இல் உயரத் திருகு 50 கஜத்துக்கு ஒரு படியாகவும், பக்கத் திருகு 2 கோண நிமிடத்துக்கு ஒரு படியாகவும் நகர்ந்தது. ஒரு கோண நிமிடம் 100 கஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம். அப்படியானால் 400 கஜத்தில் ஒரு படிக்கே 8 அங்குலம். இது போதாது என்று கண்டு, இரண்டாம் வடிவத்தில் ஒரு நிமிடப் படியாக்கினார்கள். திருத்தியபின் திருகின் மேலுள்ள எண் வளையத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்குத் தனிச் சாவி ஒன்று வேண்டும். ஒருவர் திருகைப் பிடிக்க, ஒருவர் வளையத்தைத் தளர்த்த, மூன்றாமவர் காட்சியைப் பார்க்க என்று ஆள் கூடிச் செய்ய வேண்டியிருந்தது. போரின் இறுதிக் கட்டத்தில் வந்த மூன்றாம் வடிவத்தில்தான் வளையம் தனியே நழுவும்படி அமைத்து, சுடுபவர் சாவியில்லாமல் தாமே செய்துகொள்ள முடிந்தது. கண்ணாடியில் வந்த எந்த மேம்பாட்டையும்விட இந்தச் சிறு மாற்றத்தைப் படைவீரர்கள் அதிகம் வாழ்த்தியிருப்பார்கள்.

சோதனையில் தேறிய ரைஃபிளின் உடலில் ‘டி’ என்று பொறித்தார்கள். கட்டையின் அடியில் ஹாலண்ட் நிறுவனத்தின் போர்க்கால அடையாளமான ‘எஸ் 51’. இவற்றைவிட முக்கியமானவை இரண்டு எண்கள். ரைஃபிளின் எண்ணைத் தாங்கியில் பொறித்தார்கள். தொலைநோக்கியின் எண்ணைக் கட்டையின் கைப்பிடிப் பகுதியின் மேல், கட்டைவிரல் படும் இடத்துக்கருகே குத்தினார்கள். இனி இந்தக் கண்ணாடி இந்தக் குழலுக்கு மட்டும். லிங்கெமில் கற்ற பாடம் மரத்திலும் இரும்பிலும் எழுதப்பட்டது. தொலைநோக்கி தனியே தகரக் கூட்டுக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு மரப்பெட்டிக்குள். போர் முடிவதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் இப்படி வெளியே போயின.

களத்தில் பட்டறையின் வேலைக்குப் பரீட்சை வந்தது. நார்மண்டியின் புதர்வேலிகளிலும் பின்பு கொரியாவின் குன்றுகளிலும் அவை இருந்தன. அந்தக் காலத் தொலைநோக்கிக்குள் ஈரம் புகும், கண்ணாடி மங்கும். லென்ஸ்களை ஒட்டியது கனடா பால்சம் என்ற மரப்பிசின். அதுவும் வயதாக வயதாக மஞ்சளாகும், விளிம்பிலிருந்து பிரியும். அதைவிட மோசமான நோய் முன்தட்டு தளர்வது. ஒவ்வொரு சுடுதலின் உதையும் அங்கேதான் விழுகிறது. தட்டு மயிரளவு ஆடத் தொடங்கினால் ஜீரோ நாளுக்கு ஓரிடம் போகும், திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அகப்படாது. அப்போது படையின் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் தொலைநோக்கியைத் தொடாமல் தட்டைத் தட்டிப் பார்ப்பார். இந்த நோயை முதலில் தட்டில் தேடுபவர்தான் தேர்ந்தவர்.

தொலைநோக்கி உடைந்தாலோ தொலைந்தாலோ வேறொன்றைப் பொருத்தி, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து, கைப்பிடி மேல் இருந்த பழைய எண்ணைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் புது எண்ணைக் குத்தினார்கள். பழையதைச் சுரண்டி அழிக்கவில்லை, அடிக்க மட்டும் செய்தார்கள். அதனால் கண்ணாடி மாறிய கதை சில கட்டைகளில் இன்றும் படிக்கும்படி இருக்கிறது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகள்தான் எண் 32க்குச் சோகமானவை. மிஞ்சியவற்றை விற்றார்கள். ரைஃபிள் ஒரு வியாபாரிக்கு, தொலைநோக்கி இன்னொருவருக்கு, மரப்பெட்டி யாரோ ஒருவர் வீட்டுத் துணிப்பெட்டியாக. பொருத்தியவர்கள் பல மணி நேரம் உழைத்து ஒன்றாக்கியதை ஏலச் சீட்டு ஒரு நிமிடத்தில் பிரித்தது. துப்பாக்கி சேகரிப்பவர்களிடையே இன்று ஜோடி கலையாத செட்டுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. அதில் பண ஆசையும் உண்டுதான். என்றாலும் அந்த மதிப்பின் அடியில் உள்ள காரணம் நியாயமானது.

பிரிக்கப்படாதவற்றில் ஒரு பங்குக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. நேட்டோ நாடுகள் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாறியபின், 1970 வாக்கில் என்ஃபீல்ட் அரசுத் தொழிற்சாலையில் பழைய ‘டி’ ரைஃபிள்களில் சுமார் ஆயிரத்தை எடுத்து, புதிய கனமான குழல் பூட்டி, எல்42ஏ1 என்று பெயரிட்டார்கள். தட்டுகள் அதே தட்டுகள். மூன்றாம் வடிவ எண் 32ஐப் பிரித்துச் சுத்தம் செய்து, எல்1ஏ1 என்ற புதுப்பெயரோடு அதே இடத்தில் உட்காரவைத்தார்கள். முக்கியமாக மாற வேண்டியிருந்தது உயரத் திருகின் வளையம். ஒரு வளையத்தில் வெட்டிய எண்கள் ஒரேயொரு தோட்டாவின் வீழ்ச்சிக்குத்தான் செல்லும். பழைய .303 தோட்டாவுக்கு வெட்டியது புதியதற்குப் பொய் சொல்லும். கஜத்துக்குப் பதிலாக மீட்டரிலும் வெட்டினார்கள். பிரென்னுக்காக வரைந்த தொலைநோக்கி 1982இல் ஃபாக்லாந்து தீவுகளின் சகதியில், தான் பிறக்கும்போது இல்லாத தோட்டாவைக் குறிபார்த்தது. எல்96ஏ1 ரைஃபிளும் அதன் ஆறு மடங்கு ஷ்மிட் அண்ட் பெண்டர் ஸ்கோப்பும் வந்து, 1990களின் தொடக்கத்தில் பழையவை விடைபெற்றன.

பிரிட்டிஷ் ராணுவத்தின் மாதிரித் துப்பாக்கிகளைக் காத்துவந்த ‘பேட்டர்ன் ரூம்’ சேகரிப்பு என்ஃபீல்டிலிருந்து நாட்டிங்ஹாம் போய், 2005இல் லீட்ஸின் ராயல் ஆர்மரிஸ் வசம் வந்தது. உலகின் வேறு பல அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் எண் 32 ஏறிய ரைஃபிள்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றைப் பார்க்க வாய்த்தால் குழலின் பளபளப்பையோ கண்ணாடியையோ பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கைப்பிடியின் மேலுள்ள எண்ணைப் படியுங்கள், தொலைநோக்கியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு தாங்கியில் உள்ளதை ரைஃபிளின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இவற்றைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுத்தம் செய்யக் கழற்றும்போது ஒன்றின் கண்ணாடியை இன்னொன்றில் மாட்டாதீர்கள், கட்டையை மெருகேற்றுகிறேன் என்று அந்த எண்களைத் தேய்க்காதீர்கள். காட்சிப் பலகையில் போரின் பெயரையும் ஆண்டையும் எழுதுகிற இடத்திலேயே அந்த எண்களையும் எழுதி வையுங்கள். ஜோடி மாறியிருந்தால் மாறியிருக்கிறது என்றே எழுதுங்கள்.